மடியில் அடங்காத காசு

மலாயாவிலும் சிங்கையிலும் வாழும் தமிழ் மக்கள் செல்வத்தைக் கணக்கிட இரண்டு சொற்களை வழங்கி வருகின்றனர். ஒன்று 'வெள்ளி', மற்றொன்று 'பவுன்'. கூலி, வாடகை, கடன், கடைச்சரக்கு ஆகிய யாவற்றிற்கும் வெள்ளிக் கணக்கு. தாலி, சீர், நகை, அடகு ஆகியவற்றிற்குப் பவுன் கணக்கு. இவ்விரு சொற்களும் ஏட்டிலிருந்து பிறந்தவையல்ல. மனிதர் கைமாற்றிக்கொண்ட நாணயங்களிலிருந்து பிறந்தவை. மெய்யான வெள்ளியால் ஆகிய பெருநாணயம் ஒரு காலத்தில் இந்நாட்டுக் கடைத்தெருவில் நடமாடியதால் பணத்திற்கே வெள்ளி என்று பெயர் நின்றது. மலாய் மொழியில் வழங்கும் 'ரிங்கிட்' என்பதும் அந்நாணயத்தின் விளிம்பிலிருந்த பற்களைக் குறித்து எழுந்த சொல்லேயாகும். இங்கிலாந்தில் அச்சாகிய, 7.988 கிராம் எடையுள்ள சாவரின் என்னும் பொற்காசு நம் பொற்கொல்லரின் தராசில் ஏறி, 8 கிராம் என்னும் எடையளவாகவே மாறிப் பவுன் ஆயிற்று.

இன்று நாம் வெள்ளி என்று சொல்லிக் கொடுத்து வாங்கும் தாளிலும் நாணயத்திலும் வெள்ளியின் அணுவும் இல்லை. ஆயினும் வெள்ளியும் பொன்னும் நாணய உருவை விட்டுவிட்டன என்று எண்ணுதல் தவறு. உலகத்து நாணயசாலைகள் பல இன்றும் அவ்விரு உலோகங்களில் காசு அச்சிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அவை சிறிய காசுகளோடு நிற்கவில்லை. உள்ளங்கையை நிறைக்கும் காசு, இரு கைகளால் தூக்கவேண்டிய காசு, பலர் கூடியும் தூக்கமுடியாத காசு என்று வளர்ந்துகொண்டே போகின்றன. அவற்றைச் சேகரிப்போர் தொகையும் எல்லா நாடுகளிலும் உண்டு, நம்மவரிலும் உண்டு.

காசு என்பது மடியில் முடிந்துகொண்டு சந்தைக்குப் போவதற்காக ஏற்பட்ட பொருள். மடியில் அடங்காத காசை ஒருவர் ஏன் அச்சிடவேண்டும்? மற்றொருவர் ஏன் வாங்கவேண்டும்? அதற்கான செலவை இறுதியில் ஏற்றவர் யார்? இம்மூன்று கேள்விகளையும் வரலாற்றின் முன் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெள்ளிக் காசு பெருத்த கதை

ஐரோப்பாவில் நடுக்காலத்து வெள்ளிக் காசுகள் மெல்லியவை, சிறியவை. பெருந்தொகைக்குப் பொற்காசே வழங்கியது. டைரோல் நாட்டை ஆண்ட சிகிஸ்மண்ட் என்னும் கோமகனுக்குப் பொற்சுரங்கம் வாய்க்கவில்லை. வெள்ளிச் சுரங்கமோ நிறைய இருந்தது. ஆகவே 1486-ஆம் ஆண்டில் ஹால் என்னும் ஊரிலிருந்த தம் நாணயசாலையில், ஒரு பொற்காசின் மதிப்புக்கு ஈடான வெள்ளி முழுவதையும் ஒரே காசில் வைத்து அச்சிடச் செய்தார். அதன் எடை ஏறத்தாழ 32 கிராம். அதுவரை அத்துணைப் பெரிய வெள்ளிக் காசை அந்நாட்டவர் கண்டதில்லை.

பின்னர்ப் போஹிமியா நாட்டில் யோவாகிம்ஸ்தால் என்னும் பள்ளத்தாக்கில் வெள்ளி கிடைக்க, அங்குள்ள ஷ்லிக் குடும்பத்துப் பிரபுக்கள் 1520-ஆம் ஆண்டையொட்டி அதே அளவில் ஏராளமான காசுகளை வெளியிட்டனர். ஊரின் பெயரால் அவை 'தாலர்' எனப்பட்டன. தாலர் என்னும் சொல்லே நாடு கடந்து, கடல் கடந்து 'டாலர்' ஆயிற்று. இக்காசு பெரிதாயினும் வெறும் பகட்டுக்குப் பிறந்ததன்று. வாணிகத்திற்கு அது வேண்டியிருந்தது. ஆட்டு மந்தை வாங்குபவனும், துணிப் பொதி விற்பவனும், படைவீரனுக்குச் சம்பளம் கொடுப்பவனும் அதனைப் பயன்படுத்தினர். காசு பெருத்ததில் அதுவரை குற்றம் ஒன்றுமில்லை. குற்றம் அதற்கு மேல் தொடங்குகிறது.

செகோவியாவின் நீர்ச்சக்கரம்

ஸ்பெயின் நாட்டு மன்னன் இரண்டாம் பிலிப் செகோவியா நகரில் எரெஸ்மா ஆற்றங்கரையில் ஒரு புதிய நாணயசாலையை எழுப்பினான். நீர்ச்சக்கரங்களால் சுழலும் உருளைகளுக்கு இடையே உலோகத் தகட்டைச் செலுத்தி அச்சிடும் அப்பொறி, நாம் மேலே சொன்ன டைரோல் நாட்டு ஹால் நகரிலிருந்து வரவழைக்கப்பட்டது. சுத்தியல் கொண்டு அடித்த காசுகளைவிட இவ்வுருளைக் காசுகள் வட்டமும் தெளிவும் உடையனவாக இருந்தன.

அவன் மகன் மூன்றாம் பிலிப் காலத்தில், 1609-ஆம் ஆண்டில், அந்நாணயசாலையில் 50 ரியால் மதிப்புள்ள வெள்ளிக் காசு ஒன்று அச்சாயிற்று. எடை ஏறத்தாழ 170 கிராம்; குறுக்களவு 7 சென்டிமீட்டருக்கு மேல். அக்காலத்து உலக வாணிகத்தை நடத்திய 8 ரியால் காசு 27 கிராம் அளவினது என்பதை ஒப்பு நோக்கினால் இதன் பருமன் விளங்கும். அதே ஆண்டில் 100 எஸ்குடோ மதிப்புள்ள பொற்காசும் வெளிவந்தது. அதன் எடை ஏறத்தாழ 339 கிராம். இவை சந்தைக்குப் போகவில்லை. அரசனுக்கு வேண்டியவர்க்கும், அரசன் அனுமதி பெற்ற பெருஞ்செல்வர்க்குமே அவை உரியன.

இக்காசுகளைக் கண்ணாடிப் பெட்டியில் கண்டு வியப்போர் அதே காலத்தின் மற்றொரு காசையும் கருதவேண்டும். 1599-ஆம் ஆண்டு முதல் அவ்வரசாங்கம் ஏழை மக்கள் கையாளும் சில்லறைக் காசில் சிறிதளவும் வெள்ளி சேர்க்காது வெறுஞ் செம்பால் அச்சிடத் தொடங்கியது. 1602-இல் அச்செம்புக் காசின் எடையையும் பாதியாக்கியது. 1603-இல் மக்கள் கையிலிருந்த பழைய காசுகளைக் கொணரச் செய்து, அவற்றின்மீது புதிய முத்திரை குத்தி, மதிப்பை இரட்டித்துத் தனக்கு ஊதியம் தேடிக்கொண்டது. இவ்வளவு செய்தும் 1607-இல் கடன்காரருக்குப் பணம் கொடுக்க இயலாதென்று கைவிரித்தது. கைவிரித்த இரண்டாம் ஆண்டில் பிறந்தவையே அந்த 170 கிராம் வெள்ளியும் 339 கிராம் பொன்னும்! அரசனுக்கு வேண்டியவர்க்குப் பெருங்காசும் உழைப்பாளிக்குச் செம்புக் காசும் அச்சிட்ட பொறி ஒன்றே, ஆறும் ஒன்றே.

அவ்வெள்ளியில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? தென்னமெரிக்காவில் 1545-இல் கண்டறியப்பட்ட போட்டோசி மலையே ஸ்பெயினின் பெருங்களஞ்சியம். அம்மலையைச் சூழ்ந்த மேட்டுநிலத்துப் பழங்குடி ஊர்கள், வளர்ந்த ஆடவரில் ஏழில் ஒரு பங்கினரை ஆண்டுதோறும் சுரங்க வேலைக்கு அனுப்பவேண்டுமென்று 1570-களில் ஆளுநர் டொலேடோ கட்டளையிட்டார். அவ்வாறு போனவர்களின் பெயர் எந்தக் காசிலும் பொறிக்கப்படவில்லை. மன்னன் பெயர்தான் பொறிக்கப்பட்டது.

குடிகள் கட்டாயமாக வாங்கிய காசு

ஸ்பெயின் அரசன் பெருங்காசைப் பரிசாகக் கொடுத்தான். அதற்கு முன்னரே ஜெர்மனியில் ஒரு கோமகன் அதனைக் குடிகள் தலையில் கட்டிவிட்டார். பிரவுன்ஷ்வைக் நாட்டில் வொல்பென்பூட்டலில் இருந்து ஆண்ட யூலியுஸ் என்பவரே அவர். 1568 முதல் 1589 வரை ஆண்ட அவர் சிக்கனக்காரர். ஹார்ஸ் மலைச் சுரங்கங்களின் வருவாயைப் பெருக்குவதில் கண்ணுங்கருத்துமாக இருந்தார். 1574-ஆம் ஆண்டு முதல் அவர் 10 தாலர் வரை மதிப்புள்ள மிகப் பெரிய வெள்ளிக் காசுகளை வெளியிட்டார். அவற்றில் ஒரு பக்கம் கோமகனின் உருவம். கோள்களும் இராசிகளும் வட்டமாகச் சூழ்ந்திருக்கும். இவற்றிற்கு 'லோசர்' என்று பெயர். போர்ச்சுகல் நாட்டுப் பெரும் பொற்காசைப் பின்பற்றி ஹாம்பர்க் நகர வணிகர் வழங்கிய காசின் பெயரிலிருந்து இச்சொல் வந்தது என்பர் ஒரு சாரார். அடகு மீட்டல் என்னும் பொருள்படும் ஜெர்மன் வினையிலிருந்து வந்தது என்பர் மற்றொரு சாரார்.

குடிகள் ஒவ்வொருவரும் தத்தம் சொத்துக்குத் தக்க அளவில் ஒரு லோசரை வாங்கியே தீரவேண்டும். வாங்கியதைச் செலவிடாது வீட்டில் வைத்திருக்கவேண்டும். அதிகாரிகள் கேட்கும்போது கொணர்ந்து காட்டவும் வேண்டும் என்று நாணய வரலாற்று நூலோர் கூறுவர். இதன் உட்பொருள் யாது? கோமகன் தம் சுரங்கத்து வெள்ளியைக் குடிகளிடம் விற்றுக் கையிருப்பாக்கிக்கொண்டார். அவ்வெள்ளியோ நாட்டை விட்டு அகலாமல் குடிகளின் பெட்டியிலேயே காவலிருந்தது. போரோ பஞ்சமோ வந்தால் திரும்பக் கேட்டு வாங்குவதும் எளிது. பொக்கிஷத்தைக் காக்கும் செலவும் கவலையும் குடிகளுடையவை, பொக்கிஷம் கோமகனுடையது. சேமிப்பு என்பது ஒருவன் தன் விருப்பப்படி வைத்து, தன் விருப்பப்படி எடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். அவ்வுரிமை இல்லாவிடில் அது சேமிப்பன்று. வேறு பெயர் பூண்ட வரியேயாகும்.

யூலியுஸுக்குப் பின்வந்தோர் இவ்வழக்கத்தை நூறாண்டுக்கு மேல் வளர்த்தனர். 16 தாலர் மதிப்புள்ள காசுகளும் உண்டாயின. கிளவுஸ்தால், செல்லர்பெல்ட் ஆகிய சுரங்க ஊர்களில் அச்சாகியவற்றில் மலையும், சுரங்க வாயிலும், இறைவை எந்திரமும், அவற்றின்மேல் பாய்ந்து செல்லும் குதிரையும், மேகத்திலிருந்து நீண்ட கை அக்குதிரைக்கு மாலை சூட்டும் காட்சியும் மிக நுட்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஒரே அச்சை வைத்துக்கொண்டு தகட்டின் தடிப்பை மட்டும் கூட்டியும் குறைத்தும் பல மதிப்புகளில் காசு அடித்து, எத்தனைத் தாலர் என்பதை எண்ணால் குத்திவைக்கும் வழக்கமும் இருந்தது. இன்று லோசரைச் சேகரிப்போர் முதலில் நோக்குவது அந்த எண்ணைத்தான்.

காசில் காணும் அச்சுரங்கம் அழகாயிருக்கிறது. மெய்யான சுரங்கமோ அவ்வாறு இல்லை. 1833-ஆம் ஆண்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் பொறி ஒன்று அம்மலையில் அமைக்கப்படும் வரை, தொழிலாளி ஏணி ஏணியாகப் பூமிக்குள் இறங்கி, வேலை முடித்துத் தளர்ந்த உடம்போடு அதே ஏணிகளில் ஏறி வரவேண்டியிருந்தது. கல்லை இடித்துத் தரம் பிரிக்கும் சாலைகளில் சிறுவர்களே வேலை செய்தனர்.

இங்கும் பெருங்காசின் அருகில் சிறுகாசு நிற்பதைக் காண்கிறோம். 1619 முதல் 1623 வரை ஜெர்மன் நாடுகளில் சில்லறைக் காசுகளைக் கலப்படம் செய்யும் கொள்ளை நோய்போல் பரவிற்று. நல்ல காசைத் தராசில் ஏற்றிப் பொறுக்கி எடுத்து உருக்கி, செம்பு மிகுந்த போலிக் காசாக அடித்துத் தள்ளினர். அக்கேட்டில் முன்னணியில் நின்ற நாடுகளுள் பிரவுன்ஷ்வைக்கும் ஒன்று. கூலியாளும் விதவையும் தம் கையிலிருந்த காசு ரொட்டி வாங்கவும் உதவாமையைக் கண்டனர். லோசரோ கலங்காத தூய வெள்ளியாகவே செல்வர் பெட்டியில் இருந்தது.

முகலாயர் பொன்

இக்குற்றம் ஐரோப்பியருக்கே உரியதென்று கீழ்நாட்டவராகிய நாம் பெருமை கொள்வதற்கில்லை. அக்பர் அரசவையில் அபுல்பசல் எழுதிய 'அயினி அக்பரி' என்னும் நூல், 101 தோலாவிற்கு மேல் எடையுள்ள 'சஹன்ஷா' என்னும் பொற்காசைக் குறிப்பிடுகிறது. அஃது ஒரு கிலோகிராமுக்கும் மேல். அக்பர் மகன் ஜஹாங்கீர் அதனையும் விஞ்சினார். 1613-ஆம் ஆண்டில் ஆக்ராவில் அச்சாகிய 1,000 மொஹர் பொற்காசு 20 சென்டிமீட்டர் குறுக்களவும் ஏறத்தாழ 12 கிலோகிராம் எடையும் உடையது. இத்தகைய காசுகள் அரசவைப் பரிசுக்காக ஏற்பட்டவை. எந்த உழவனும் இதைக்கொண்டு விதை வாங்கியிருக்க இயலாது.

அவற்றுள் எஞ்சியவை எத்தனை? மிகச் சில. ஷாஜஹான் காலத்து 200 மொஹர் காசு ஒன்றின் சாந்து வார்ப்பு மட்டும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஜஹாங்கீரின் 1,000 மொஹர் 1987-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெனீவா நகரில் ஏலத்திற்கு வந்து, விற்பனையாகாமலே பொதுமக்கள் கண்ணிலிருந்து மறைந்தது. பெரும் பொற்காசு ஒன்றுக்கு நேரும் முதல் ஆபத்து அதன் பருமனே. அரசனுக்குப் பணமுடை வந்தாலும், பகைவன் கோட்டையைப் பிடித்தாலும், திருடன் பூட்டை உடைத்தாலும் மூவரும் முதலில் நாடுவது உருக்கு மூசையைத்தான்.

நம் நாட்டு வெள்ளி இளைத்த கதை

பெருநாணயம் பற்றி நம் நாடும் ஒரு பாடம் கற்றது. தென்கடல் வாணிகத்தில் ஸ்பெயின் டாலரும் மெக்சிகோ டாலரும் நெடுங்காலம் ஆட்சி செலுத்தின. 1903-ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் தனக்கென ஒரு வெள்ளி நாணயத்தை வெளியிட்டது. அதன் எடை 416 கிரேன், அதாவது ஏறத்தாழ 27 கிராம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1906-ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வெள்ளியின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநாட்டப்பட்டது.

அப்பொழுது உலகச் சந்தையில் வெள்ளியின் விலை ஏறிக்கொண்டிருந்தது. நாணயத்தின் மதிப்பைவிட அதிலுள்ள உலோகத்தின் விலை மிகுந்துவிட்டால், மக்கள் அதைச் செலவிட மாட்டார்கள். உருக்கி ஏற்றுமதி செய்துவிடுவர். அங்காடியில் காசே இல்லாமற் போகும். ஆகவே 1907-இல் நாணயத்தின் எடை 312 கிரேனாக, நான்கில் மூன்று பங்காகக் குறைக்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின் மீண்டும் வெள்ளி விலை ஏற, 1919-இல் எடை 260 கிரேனாகவும் வெள்ளிப் பங்கு பாதியாகவும் தாழ்ந்தன.

நாணயம் இளைத்தது, மதிப்பு மாறவில்லை. பழைய பெரு வெள்ளிக்கு விற்ற அரிசியைப் புதிய சிறு வெள்ளிக்கு மறுக்கவேண்டிய காரணம் கடைக்காரருக்கு இல்லை. இதனால் விளங்கும் உண்மை யாதெனில், நாணயத்தின் வலிமை அதன் பருமனில் இல்லை. அதை வாங்குவோனும் விற்போனும் கொள்ளும் நம்பிக்கையிலும், அந்நம்பிக்கையைக் காக்கும் சட்டத்திலுமே இருக்கிறது. இன்று 1903-ஆம் ஆண்டு வெள்ளியையும் 1907-ஆம் ஆண்டு வெள்ளியையும் பக்கத்தில் பக்கம் வைத்திருக்கும் சேகரிப்பாளர், ஒரு பொருளாதார நூலையே உள்ளங்கையில் வைத்திருக்கிறார் என்போம்.

இக்காலத்துப் பெருங்காசுகள்

இனி, சட்டம் ஒரு மதிப்பைச் சொல்ல, உலோகம் வேறொரு விலையைச் சொல்லும் இக்காலத்து நாணயங்களைக் காண்போம். முதலீட்டுக்கென்றே அச்சிடும் பொற்காசுக்கு வழிகாட்டியது தென்னாப்பிரிக்கா. 1967-இல் அது வெளியிட்ட குரூகர்ராண்டில் மதிப்பெண் ஏதும் இல்லை. ஒரு அவுன்ஸ் பொன் உண்டு என்பதே அதன் மதிப்பு. உலகத்தார் போட்டியிட்டு வாங்கினர். அப்பொன்னைத் தோண்டியவர் நிலையோ? 1946-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டு ஆப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் 60,000-க்கும் மேற்பட்டோர் நாளொன்றுக்கு 10 ஷில்லிங் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, போலீஸ் படை அவர்களை அடக்கியது. குறைந்தது 9 பேர் மாண்டனர். 1969-ஆம் ஆண்டில் கறுப்பினச் சுரங்கத் தொழிலாளரின் மெய்க்கூலி 1911-ஆம் ஆண்டில் இருந்ததைவிட உயர்ந்திருக்கவில்லை என்று பிரான்சிஸ் வில்சன் என்னும் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுக் காட்டினார். நிறவெறி ஆட்சியைக் கண்டித்து 1985-இல் அமெரிக்கா அக்காசின் இறக்குமதியைத் தடுத்தது. வாங்குவோன் விழித்துக்கொண்டால் காசும் நீதிக்கு உதவும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

அவ்விடத்தைப் பிடிக்கப் பிற நாடுகள் முந்தின. கனடா 1979-இலும், சீனா 1982-இலும், அமெரிக்கா 1986-இலும் தத்தம் முதலீட்டு நாணயங்களைக் கொணர்ந்தன. பின்னர்ப் பருமனில் போட்டி எழுந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயசாலை 1991-இல் ஒரு கிலோ பொற்காசும், 1992-இல் ஒரு கிலோ வெள்ளிக் காசும் வெளியிட்டது. அமெரிக்கா 2010 முதல் 2021 வரை 56 வகையில் 5 அவுன்ஸ் வெள்ளிக் காசுகளை அச்சிட்டது. 155 கிராமுக்கு மேல் தூய வெள்ளி. 3 அங்குலக் குறுக்களவு. ஆயினும் சட்டப்படி அதன் மதிப்பு 25 காசு மட்டுமே! முதலாண்டில் ஒவ்வொரு வகையிலும் 33,000 மட்டுமே இருந்தமையால் வணிகர் விலையை ஏற்ற முற்பட்டனர். வாங்குவோர் முறையிட்டபின், அடக்க விலைக்கு மேல் பத்தில் ஒரு பங்குக்கு மிகாது, ஒரு வீட்டுக்கு வகைக்கு ஒன்று என்ற அளவில் விற்கவேண்டும் என்று நாணயசாலை நிபந்தனை விதிக்க நேர்ந்தது.

2004-இல் ஆஸ்திரியா 31 கிலோ பொற்காசு செய்தது. 2007-இல் கனடா 100 கிலோ பொற்காசு செய்தது. 2011-இல் பெர்த் நகரில் ஒரு டன்னுக்கும் மேற்பட்ட பொன்னால், 80 சென்டிமீட்டர் குறுக்களவில் ஒரு காசு உருவாயிற்று. கனடாவின் 100 கிலோ காசு நம் கணக்கில் 12,500 பவுன். அதன் கதை இரண்டு வகையில் நமக்குப் பாடமாகும்.

அவ்வகைக் காசுகளில் ஒன்று 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வியன்னா நகரில் ஏலத்திற்கு வந்தது. உலகில் ஐந்தாறே உள்ள அரிய பொருள். உலகமெங்கும் பேர் பெற்றது. 32 இலட்சத்து 70 ஆயிரம் யூரோவுக்குப் போயிற்று. அன்றையச் சந்தையில் 100 கிலோ பொன்னின் விலையும் ஏறத்தாழ அதுவே. அருமைக்கும் பருமைக்கும் புகழுக்கும் ஒருவரும் ஒரு காசும் அதிகம் கொடுக்கவில்லை.

மற்றொன்று பெர்லின் நகரத்துப் போடே மியூசியத்தில் காட்சிக்கு இருந்தது. 2017-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் விடியுமுன் திருடர் ஏணி வைத்துச் சன்னல் வழியாகப் புகுந்து, கண்ணாடிப் பெட்டியை உடைத்து, காசைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோயினர். 2020 பிப்ரவரியில் மூவருக்குத் தண்டனை கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. துண்டு துண்டாக வெட்டி உருக்கப்பட்டிருக்கும் என்பதே பொதுவான முடிவு. முகலாயப் பொன்னுக்கு வந்த கதியே இயந்திர யுகத்துக் காசுக்கும் வந்தது.

சேகரிப்போர் அறியவேண்டியவை

அவ்வாறாயின், பெருங்காசு சேகரித்தல் பேதைமை என்று நாம் சொல்கிறோமா? அன்று. சேகரிப்பாளர் இல்லாதிருந்தால் லோசரும் செகோவியாக் காசும் என்றோ உருகி மறைந்திருக்கும். அவை சொல்லும் வரலாறும் மறைந்திருக்கும். கலைக்காகவும் கல்விக்காகவும் ஒருவர் தம் உபரிப் பொருளில் ஒரு பகுதியைக் கொண்டு அவற்றைத் தேடுவது பாராட்டத்தக்கதே. ஆனால் சேகரிப்பு வேறு, சேமிப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக்கி விற்பவரிடத்தில்தான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. சிங்கப்பூர் அரசாங்கம் 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் முதலீட்டுப் பொன்னுக்கும் வெள்ளிக்கும் பொருள் சேவை வரியிலிருந்து விலக்களித்தபோது, பொன் நூற்றுக்கு 99.5 பங்கும் வெள்ளி 99.9 பங்கும் தூய்மை உடையனவாக இருக்கவேண்டும் என்றது. சேகரிப்புக்குரிய நாணயங்களை அவ்விலக்கில் சேர்க்கவில்லை.

வாங்கப் புகுவோர் முதலில் எடையை அறிக. உலோகச் சந்தையின் அவுன்ஸ் 31.1 கிராம், மளிகைக் கடை அவுன்ஸ் 28.35 கிராம். இரண்டையும் மயங்கவைத்து விற்போர் உண்டு. அடுத்து, உலோகத்தின் அன்றைய விலைக்கு மேல் எவ்வளவு கேட்கிறார் என்றும், அதே காசை நாளை அவரிடமே கொடுத்தால் எவ்வளவு தருவார் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு மறுமொழி மழுப்பலாயிருந்தால் எழுந்து வந்துவிடுக. எடையும் அளவும் சரியாயிருந்தால் போதுமென்று நம்பிவிடலும் ஆகாது. டங்ஸ்டன் என்னும் உலோகத்தின் அடர்த்தி ஏறத்தாழப் பொன்னின் அடர்த்தியே. பருமனான பொன்னுக்குள் அதனை மறைத்து ஏமாற்றுதல் எளிது. பெரிய வெள்ளிக் காசின் முகம் அகன்றது. ஒரு கீறலும் தூரத்திலிருந்தே தெரியும். விளிம்பைப் பிடித்து எடுக்கவேண்டும். மெருகேற்றுவதாக எண்ணித் தேய்த்தால் சேகரிப்போர் தரும் மதிப்பு அன்றே போயிற்று.

விலை ஏறுமேயன்றி இறங்காது என்பாரை நம்பற்க. 1980-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கச் சந்தையில் ஒரு அவுன்ஸ் வெள்ளி ஏறத்தாழ 50 டாலரைத் தொட்டது. மார்ச் 27-ஆம் நாள் 11 டாலருக்கும் கீழ் வீழ்ந்தது. அதே ஜனவரியில் 850 டாலருக்குப் பொன் வாங்கியவர், கொடுத்த தொகையை மீண்டும் காண 2008 வரை, 28 ஆண்டுகள், காத்திருக்கவேண்டியதாயிற்று. மகளின் கல்விக்கோ வீட்டின் மருத்துவச் செலவுக்கோ வைத்த பணம் அவ்வாறு காத்திருக்குமா?

மற்றும், ஒரு கிலோ காசில் கால் பங்கை வெட்டி விற்க முடியாது. அவசரம் வந்தால் முழுவதையும் ஒரே நாளில், கேட்ட விலைக்குத் தள்ளவேண்டும். மலேசிய மத்திய வங்கி 2001-இல் வெளியிட்ட 'கிஜாங் எமாஸ்' பொற்காசு ஒரு அவுன்ஸ், அரை அவுன்ஸ், கால் அவுன்ஸ் என்னும் மூன்று அளவுகளில் வந்தது. அவற்றுள் கால் அவுன்ஸ் நம் பவுனைவிடச் சற்றே குறைவு. தேவைக்கு ஒன்று எடுத்து மற்றவற்றை நிறுத்திக்கொள்ள உதவுவது இத்தகைய சிறுகாசே. நம் பாட்டிமார் பொருளாதாரம் படித்தவரல்லர். ஆயினும் காசுமாலையில் ஒவ்வொரு காசையும் தனித்தனியே கோத்துவைத்தார்கள். அவ்வமைப்பில் ஓர் அறிவு இருந்தது. ஒரு காசைக் கழற்றி அடகு வைத்தால் மாலை குறையும், மறையாது.

பெருங்காசுகளைக் கண்ணாடிப் பெட்டியில் காணும் வாய்ப்பு நம் இளைஞர்க்குக் கிடைக்குமாயின், அவர்கள் அவசியம் சென்று காணவேண்டும். செதுக்கியவனின் கைத்திறனைப் போற்றவேண்டும். அத்துடன் அதே அரசன் அதே ஆண்டில் ஏழைக்கு எத்தகைய காசு அடித்தான் என்றும், அவ்வுலோகத்தைத் தோண்டியவனுக்கு என்ன கூலி கிடைத்தது என்றும் கேட்டுவரவேண்டும். சேகரிப்பாளர்களும் தங்கள் பேழையில் அப்பெருங்காசின் பக்கத்தில் அக்காலத்துச் செம்புக் காசு ஒன்றையும் வைப்பார்களாயின், அதற்குச் செலவு மிகச் சிறிது. காண வரும் பிள்ளைகள் கற்பதோ மிகுதி.